வாசகர் கேள்வி - பதில்: சதவீதம் ஏறியது, ஓட்டு இறங்கியது

கேள்வி: இத்தாலியின் எமிலியா-ரொமாஞ்ஞா மண்டலத்தில் 2014 தேர்தலில் வாக்குப்பதிவு படுத்துவிட்டது. ஆனாலும் ஆளும் ஜனநாயகக் கட்சியின் வாக்கு சதவீதம் கூடியிருக்கிறதே. கட்சி வளர்ந்துவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. கட்சி தேய்ந்தது, வாக்குச்சாவடிக் கூட்டம் அதைவிட வேகமாகத் தேய்ந்தது. 2010-ல் 68.1 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு, 2014 நவம்பர் 23 அன்று 37.7 ஆனது. ஜனநாயகக் கட்சி 2010-ல் வாங்கியது 8.57 லட்சம் ஓட்டு, 40.6 சதவீதம். 2014-ல் 5.35 லட்சம்தான், அதுவே 44.5 சதவீதமாகிவிட்டது. வலதுசாரிக் கட்சியான வடக்கு லீக்கின் பாய்ச்சல் என்று பேசப்பட்டதும் இதே கதைதான்: 13.7-லிருந்து 19.4 சதவீதம், ஆனால் ஓட்டோ 2.88 லட்சத்திலிருந்து 2.33 லட்சமாக இறங்கியது.

ஆகவே கட்சியின் ஓட்டை, பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களால் வகுத்துப் பாருங்கள். இங்கே அது சுமார் 34.5 லட்சம். 2010-ல் நூறு வாக்காளரில் 25 பேர் ஜனநாயகக் கட்சிக்குப் போட்டார்கள். 2014-ல் 15 பேர் சொச்சம்.

குறுக்குவழியாக இரண்டு சதவீதங்களையும் பெருக்கிவிடாதீர்கள். 68.1-ஐயும் 40.6-ஐயும் அப்படிப் பெருக்கினால் 25-க்குப் பதில் ஏறக்குறைய 28 வரும். காரணம், அங்கே கட்சியைத் தொடாமல், மண்டலத் தலைவர் வேட்பாளருக்கு மட்டும் ஓட்டுப் போடலாம். கட்சி சதவீதம் கணக்கிடப்படுவது கட்சிப் பட்டியல்களுக்கு விழுந்த ஓட்டுகளை மட்டும் வைத்து. செல்லாத ஓட்டும் அதில் சேராது.

கேள்வி: பாதிப்பேர்கூட வராத தேர்தல் செல்லுமா?

பதில்: செல்லும். இத்தாலியில் பாதிக்கு மேல் வாக்களிக்க வேண்டும் என்ற நிபந்தனை, சட்டத்தை ரத்து செய்யும் பொது வாக்கெடுப்புக்குத்தான். மண்டலத் தேர்தலுக்குக் கிடையாது.

கேள்வி: ஐந்து நட்சத்திர இயக்கம் என்ற கட்சி அந்த 2014 தேர்தலில் வளர்ந்ததா, சரிந்ததா?

பதில்: எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. 2010 மண்டலத் தேர்தலில் 6 சதவீதம், 2014-ல் 13.3, ஓட்டும் 1.27 லட்சத்திலிருந்து 1.59 லட்சமாக உயர்ந்தது. இது நிஜ வளர்ச்சி. ஆனால் 2013 நாடாளுமன்றத் தேர்தலில் இதே மண்டலத்தில் அது 24.6 சதவீதம் வாங்கியிருந்தது. மண்டலத் தேர்தலை முந்தைய மண்டலத் தேர்தலோடு ஒப்பிடுவதே முறை. இடையில் வந்த தேர்தலைத் தனி வரியில் எழுதிக்கொள்ளுங்கள். விட்டுப்போன ஓட்டு வேறு கட்சிக்குத் தாவியதா, வீட்டிலேயே தங்கியதா என்பதை மொத்தக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. அதற்கு, அதே வாக்காளர்களை இரண்டு முறையும் விசாரித்த ஆய்வு வேண்டும்.