பொம்மை காரோட வேகத்தை வீட்லயே அளக்க என்ன செய்யலாம்?

ரெண்டு சென்சாரும் ஒரு அர்டுய்னோ ஊனோ போர்டும் (நாம எழுதுற கோடை ஓட்டுற சின்ன கம்ப்யூட்டர் போர்டு) போதும். பெங்களூர்ல இருக்கீங்கன்னா எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற எஸ்பி ரோட்ல ஒரு ரவுண்டு போனா எல்லாமே கிடைச்சிடும்.

விஷயம் இதுதான், கார் முதல் சென்சாரைத் தாண்டினதும் நேரத்தைக் குறிச்சுக்கணும், ரெண்டாவதைத் தாண்டினதும் திரும்பக் குறிக்கணும், நடுவுல இருக்கிற தூரத்தை அந்த நேர வித்தியாசத்தால வகுத்தா வேகம். 20 செமீ தூரத்தை 0.1 செகண்ட்ல கடந்தா செகண்டுக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு 7.2 கிமீ. கார் 1:64 சைஸ்னா, அதாவது நிஜ காரை விட 64 மடங்கு சின்னதுன்னா, 64-ஆல பெருக்கி 460 கிமீன்னு பசங்ககிட்ட சொல்லிப் பாருங்க, அவங்க முகத்தைப் பாக்கணுமே!

சென்சார்லதான் கவனம் வேணும். கார்ல பட்டுத் திரும்புற ஒளியைப் பாக்குற ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி) மாடியூல் வாங்காதீங்க, எங்க வீட்ல கருப்பு கார் போனா அது கண்டுக்கவே இல்ல. ஒவ்வொரு சென்சாருக்கும் டிராக்குக்கு ஒரு பக்கம் ஐஆர் எல்ஈடி, நேர் எதிர்ல அந்த ஒளியை உணர்ற போட்டோடயோடு வச்சா கார் ஒளியை மறைக்கும், அப்ப கலர் பிரச்சினையே கிடையாது. ஆனா ரெண்டு ஜோடியும் ஒரே உயரத்துல இருக்கணும், இல்லன்னா ஒண்ணு பம்பரைப் பாக்கும் இன்னொண்ணு கண்ணாடியைப் பாக்கும். வெயில்லயும் ஐஆர் இருக்கு, அதனால ஜன்னல் பக்கம் வைக்காதீங்க.

அர்டுய்னோ கோடுல நேரம் பாக்க மில்லிஸ் (மில்லிசெகண்ட் கணக்கு) வேண்டாம், மைக்ரோஸ் (மைக்ரோசெகண்ட் கணக்கு) போடுங்க. தூரத்தை ஸ்கேல் வச்சு ரெண்டு தடவை அளங்க, 20 செமீல 1 செமீ தப்பினா விடையில 5 சதவீதம் தப்பும்.