ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரோமானிய வரலாற்றை எப்படி அறிமுகப்படுத்துவது? அடிமைமுறையைச் சொல்லாமல் விட்டுவிடலாமா?

கேள்வியோடு "பிள்ளைகள் பயந்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் ஆசிரியராக இருக்க வேண்டும், அதுவும் புதிதாக இந்தப் பாடத்தை எடுப்பவராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் பதில்: விடக்கூடாது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ரோம் என்றால் அடிமைகளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு சொல்வது என்பதைத்தான் நாம் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

நான் ஒரு தனியார் பள்ளியில் பல வருடமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ரோம் என்றாலே ரோமுலஸ், ரீமஸ், ஓநாய், அப்புறம் சீசர், அகஸ்டஸ் என்று பேரரசர் வரிசை, நடுவில் கொலோசியம் படம், இப்படித்தான் எல்லாரும் தொடங்குவார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறுவாரம் மறந்துவிடுவார்கள். நான் ரொட்டியில் தொடங்குவேன்.

கி.பி. 79இல் இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயி நகரத்தோடு ஹெர்குலேனியம் என்ற சின்னக் கடலோர ஊரும் புதைந்தது. சுமார் 20 மீட்டர் ஆழம். கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாய்ந்து மூடியதில் அங்கே கதவு, கட்டில், தானியம் எல்லாம் சாம்பலாகிப் போகாமல் கரியாகி அப்படியே தங்கிவிட்டன. அப்படிக் கிடைத்த ஒரு முழு ரொட்டி நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வட்டமான ரொட்டி. துண்டு துண்டாகப் பிட்டுக்கொள்ள வசதியாக மேலே கீறல்கள். நூல் கட்டிச் சுட்டதுபோலப் பக்கவாட்டில் சுற்றிலும் ஒரு பள்ளம். மேலே ஒரு முத்திரை.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் பேக்கரி அண்ணனிடம் படத்தைக் காட்டி, அதேபோலக் கீறல் போட்டு, நடுவில் நூல் கட்டிச் சுட்டுத் தரச் சொல்லியிருந்தேன். அவரும் ஆர்வமாகச் செய்து கொடுத்தார். பிள்ளைகள் பிட்டுத் தின்றுகொண்டே படத்தைப் பார்த்தார்கள். முன்பெஞ்சில் இருந்த பெண் முத்திரையின் மேல் விரலை வைத்து, "இது யார் பேரு மிஸ், கடைக்காரர் பேரா?" என்றாள்.

செலெர் என்பவனின் பெயர், குவிந்துஸ் கிரானியுஸ் வேருஸ் என்பவரின் அடிமை என்றுதான் அந்த முத்திரையில் இருக்கிறது. பலருடைய ரொட்டியும் ஒன்றாக வேகும் அடுப்பில் மாறிப்போகாமல் இருக்கத்தான் இப்படி முத்திரை குத்தினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நான் படித்துக் காட்டியதும் வகுப்பில் வாயசைப்பது நின்றது. அடிமை என்றால் என்ன, சம்பளம் உண்டா, ஓடிப்போனால் என்ன செய்வார்கள், அவனுக்கு அம்மா இருந்தாளா, அவளும் அடிமையா என்று வரிசையாகக் கேள்விகள். நான் திட்டமிட்டு நடத்தியிருந்தால்கூட இவ்வளவு கேள்வி வந்திருக்காது. தெரிந்ததைச் சொன்னேன். ரோமில் தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. போரில் பிடிபட்டவர்களை விற்றார்கள். வயலில், சுரங்கத்தில், வீட்டில், பள்ளியில் எங்கும் அவர்கள் இருந்தார்கள். வசதியான வீட்டுப் பையனைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க் கூட்டிவருவதும் பெரும்பாலும் ஓர் அடிமைதான். இந்தக் கடைசி விஷயம்தான் பிள்ளைகளைத் தைத்தது. தங்கள் பையை இன்னொருவர் தூக்கிவருவதை அவர்களால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

இவ்வளவோடு விட்டால் பாரமாகிவிடும், உண்மையும் முழுதாக இருக்காது. அதனால் அடுத்து ஹொராஸ் கதை. ரோமின் பெரும் கவிஞர்களில் ஒருவர். அவருடைய அப்பா அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பெரிய பணக்காரர் இல்லை. ஆனாலும் மகனை உள்ளூர்ப் பள்ளியோடு நிறுத்தாமல் ரோமுக்கே கூட்டிப்போனார். அங்கே ஆசிரியர்களிடம் போகும்போதெல்லாம் மகனுக்குக் காவலாக அவரே கூடப்போனார். இதை ஹொராஸ் வெட்கப்படாமல், பெருமையாகவே எழுதி வைத்திருக்கிறார். சொன்னதும் ஒரு பையன், "அப்ப அவங்க அப்பாவே பையைத் தூக்கிட்டுப் போனாரா மிஸ்?" என்று கேட்டான்.

கடிதங்களையும் விடாதீர்கள். பிரிட்டனின் வடக்கே விந்தோலாந்தா என்ற ரோமானியப் படைக்கோட்டையில் 1973இலிருந்து மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்து வருகின்றன. பல கடிதங்கள் தபால் அட்டை அளவுதான். கிட்டத்தட்ட கி.பி. 100இல் கிளாடியா செவெரா என்ற பெண் தன் தோழி சுல்பிசியா லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதிய கடிதம் அவற்றில் ஒன்று. பிறந்தநாள் செப்டம்பர் 11. கடிதத்தை வேறொருவர் எழுதியிருக்கிறார், கடைசி வரிகளை மட்டும் அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள். தன் சின்ன மகனும் வணக்கம் சொல்கிறான் என்று ஒரு வரி வேறு. பிள்ளைகளை அதற்குப் பதில் கடிதம் எழுதச் சொல்லுங்கள், எழுதித் தள்ளுவார்கள். அதே இடத்தில் கிடைத்த ஒரு கணக்கில், கம்பாக்ஸ் என்ற ஆள் இரண்டு தினாரியுசுக்கு (ரோமானிய வெள்ளிக்காசு) மிளகு வாங்கியதாகவும் இருக்கிறது. நம் சேர நாட்டுப் பக்கத்து மிளகு அந்தக் குளிர்காட்டு வரைக்கும் போயிருக்கிறது. வரைபடத்தில் முசிறியிலிருந்து செங்கடல், எகிப்து, ரோம், பிரிட்டன் என்று பென்சிலால் கோடு போடச் சொன்னால் அன்றைய புவியியல் பாடமும் முடிந்தது.

சரி, தகராறுக்கு வருகிறேன். செலெர் பாடம் நடந்த அந்த வாரமே ஒரு மாணவியின் அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார். "சின்னப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு மிஸ்? புக்குல இருக்கிறதை மட்டும் நடத்துங்க" என்றார். விசாரித்தால், அந்தப் பெண் வீட்டில் போய், "வேலைக்கு வர்ற அக்கா லீவு போட்டா நாம ஏன் காசைப் பிடிக்கிறோம்?" என்று கேட்டிருக்கிறாள். கூலி வேலையும் அடிமைமுறையும் ஒன்று என்று நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. இரண்டும் வேறு என்பதை அந்தப் பெண்ணிடமும் விளக்கினேன். அந்த அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டு நிற்கலாம், செலெரால் முடியாது, அவனை விற்கவே செய்யலாம். ஆனால் அவள் கேட்டது நல்ல கேள்வி. அதை அவள் அப்பாவிடமும் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. நிர்வாகத்தில் கூப்பிட்டு, அந்தப் பகுதியைச் சீக்கிரமாகக் கடந்துவிடுங்கள் என்றார்கள். நான் கடக்கவில்லை. இன்றுவரை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நம் ஊர் வரலாறே தெரியாத பிள்ளைக்கு ரோம் எதற்கு என்று யாராவது கீழே வந்து கேட்பீர்கள். இரண்டையும் சொல்லித்தர நேரம் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. காலாண்டுத் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது வரலாற்றுப் பாடவேளைதான். கணக்கு ஆசிரியர் வந்து "இன்னைக்கு ஒரு பீரியட் குடுங்க" என்பார். கொடுக்காவிட்டால் நாம் ஒத்துழைக்காதவர். பதிலுக்கு ஒருநாளாவது கணக்குப் பாடவேளை எங்களுக்குக் கிடைத்திருக்கிறதா? ஆசிரியர் யாராவது விடுப்பு என்றால் "சமூக அறிவியல்தானே, யாரை வேணும்னாலும் அனுப்புங்க" என்பார்கள். முதுகலை வரலாறு படித்து, பி.எட். முடித்து வந்தவர்களை இப்படி நடத்துவது எனக்கு இன்றும் வலிக்கிறது. ரொட்டி சுட்டுக்கொண்டு போகும் ஆசிரியர்கள் குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

உங்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாவற்றையும் எல்லா வயதிலும் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் நடத்திய எழுச்சியை ஆறாம் வகுப்பில் தாராளமாகச் சொல்லலாம். கி.மு. 71இல் அது தோற்றபின் பிடிபட்ட 6,000 பேரைக் கபுவா நகரத்திலிருந்து ரோம் வரை சாலையோரம் சிலுவையில் அறைந்ததை நான் ஒன்பதாம் வகுப்பில்தான் சொல்வேன். கொலோசியத்துக்கும் அப்படித்தான். கட்டடம், அங்கே கூடிய கூட்டம், அங்கே மக்கள் பார்க்கச் சண்டையிட்ட கிளாடியேட்டர்களில் பெரும்பாலோர் அடிமைகள், கைதிகள் என்பது வரை இப்போது போதும். வாள்சண்டை வீடியோக்களைப் போடாதீர்கள். ஆண்டு விழாவில் பிள்ளைகள் எல்லாருக்கும் வெள்ளைத் துணியைச் சுற்றி டோகா என்பதும் எனக்கு உடன்பாடில்லை. டோகா குடியுரிமை உள்ளவர்களின் உடை. நாடகம் போட்டால் டோகா இல்லாதவர்களும் மேடையில் இருக்கட்டும்.

அடிப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் குவிந்திலியனைச் சொல்லுங்கள். முதல் நூற்றாண்டு ஆசிரியர். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்றும், எழுத்து பழகத் தந்தத்தில் செய்த எழுத்துகளை விளையாடக் கொடுக்கலாம் என்றும் எழுதியவர். என் பிள்ளைகளுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. ஆனால் அடிக்கக் கூடாது என்பதற்கு அவர் சொல்லும் முதல் காரணத்திலேயே, அது அடிமைகளுக்குரிய தண்டனை என்று வருகிறது. அதையும் வாசித்துக் காட்டுங்கள். அவ்வளவு நல்ல மனிதரின் கண்ணிலும் செலெர் படவில்லை என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

ரோமில் கிடைத்த இரும்புக் கழுத்துவளையம் ஒன்று இருக்கிறது. தொங்கும் தகட்டில், "நான் ஓடிவிட்டேன், பிடியுங்கள், என் எஜமான் சோனினுஸிடம் சேர்த்தால் ஒரு பொற்காசு கிடைக்கும்" என்று பொறித்திருக்கும். அதை எட்டாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்புக்கு ரொட்டி போதும்.