நாத்திகம் ஒரு மதமா? அண்ணாச்சியிடம் கேட்டவை

பாளையங்கோட்டையில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அவ்வப்போது ஒருவரை நடுவில் உட்காரவைத்து எல்லோரும் கேள்வி கேட்பது வழக்கம். இந்த முறை என் தலை அகப்பட்டது. பிறந்தது சைவ சித்தாந்தம் பேசும் வீடு, பிழைப்பு முப்பது வருஷமாக வக்கீல் தொழில், சாமி கும்பிடும் பழக்கம் கிடையாது. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதால் பிடித்தார்கள் போலிருக்கிறது. அன்றைய கேள்விகளையும் பதில்களையும் கொஞ்சம் சீர்செய்து இங்கே தருகிறேன்.

வள்ளியூர் கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நாத்திகம் மதமா, இல்லையா?

எந்த மதத்தைக் கேட்கிறீர்கள் தம்பி? நன்னூலில் 'எழுவகை மதம்' என்று ஒன்று வரும். உடன்படல், மறுத்தல் என்று தொடங்கும். அங்கே மதம் என்றால் நூல் எழுதுகிறவன் கைக்கொள்ளும் நிலைப்பாடு, அவ்வளவுதான். அந்தப் பொருளில் நாத்திகமும் மதமே, மறுத்தல் என்ற மதம். ஆனால் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் பெயருக்கும் சாதிக்கும் நடுவில் ஒரு கட்டம் இருக்கிறதே, அந்த மதம் வேறு. பிறப்பு, கல்யாணம், சாவு, சொத்து என்று எல்லாவற்றையும் கட்டிப்போடுகிற மதம் அது. அதில் நாத்திகத்துக்கு இடமில்லை. இருக்கவும் வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம் ஆசிரியை: ஆனால் பழைய காலத்தில் நாத்திகர்களைச் சமயத்துக்கு வெளியேதானே வைத்திருந்தார்கள்?

இல்லை டீச்சர், அதுதான் வேடிக்கை. மணிமேகலை வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயக்கணக்கரிடமும், அதாவது சமயவாதியிடமும், போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாளே, அந்த வரிசையில் பூதவாதியும் உண்டு. நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், பிரிந்தால் போய்விடும், கண்ணால் காண்பதே சான்று என்கிறவன். அனுமானம் செல்லாது என்று அவன் சொல்ல, அப்படியானால் உன் தாய் தந்தையர் இன்னார் என்று எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். தோற்றாலும் அவன் சமயக்கணக்கர் வரிசையில்தான் நிற்கிறான்.

சைவர்கள் இன்னும் ஒரு படி மேலே. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிறர் கொள்கைகளை மறுக்கும் பகுதியில், அருணந்தி சிவாசாரியார் பதினான்கு பேரை மறுக்கிறார். முதல் ஆள் யார்? கண்ணால் காணும் உலகமே எல்லாம் என்கிற உலகாயதன். இறைவனை ஏற்காத நிரீச்சுர சாங்கியனும் பட்டியலில் உண்டு. அகம், அகப்புறம், புறம், புறப்புறம் என்று சமயங்களை அடுக்கும்போது உலகாயதத்துக்குப் புறப்புறத்தில் இடம். தெருக்கோடி வீடுதான், ஆனால் ஊருக்குள்ளே இருக்கிற வீடு. எங்கள் தாத்தா பரபக்கம் படித்துக் காட்டும்போது உலகாயதன் வாதத்தை அவ்வளவு ரசித்துச் சொல்வார். எனக்கு அது அங்கேயே ஒட்டிக்கொண்டது என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அப்புறம் ஒன்று. வடமொழித் தத்துவப் பிரிவுகளில் நாத்திகன் என்றால் பெரும்பாலும் வேதத்தை ஒப்பாதவன். உலகைப் படைத்த கடவுள் வேண்டாம் என்கிற மீமாம்சகன் வேதத்தை ஒப்புவதால் ஆத்திகன். கடவுளை வைத்து ஆள் பிரிப்பது நமக்குப் பிந்தி வந்த பழக்கம்.

கயத்தாறு நண்பர்: பௌத்தத்திலும் சமணத்திலும் படைத்த கடவுள் இல்லை. அவை மதம் என்றால் இது ஏன் ஆகாது?

உச்ச நீதிமன்றமே 1954இல் சிரூர் மடம் வழக்கில் இதைத் தொட்டது. நம் சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்த வழக்கு. மதம் என்றால் கடவுள் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, பௌத்தமும் சமணமும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, கடவுள் இல்லாதது ஒரு தடையே இல்லை.

தடை வேறு இடத்தில். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கழுகுமலைக்கே போய்ப் பாருங்கள். பாறை முழுக்கச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். குரு, மாணவர், துறவு, நோன்பு, வினை நீங்கி வீடு அடைவதற்கு ஒரு வழி எல்லாம் அங்கே இருக்கிறது. நாத்திகத்திடம் இதில் எது இருக்கிறது? என்னையும் ஒரு பொதுவுடைமைக்காரரையும் ஒரு பங்குச்சந்தை வியாபாரியையும் பக்கத்தில் நிறுத்துங்கள். மூன்று பேரும் நாத்திகர்கள்தான். எப்படி வாழ வேண்டும் என்று கேட்டால் அடிதடி நடக்கும்.

பேட்டை வாசகர்: பெரியார் சிலைக்கு மாலை போடுகிறார்கள், பிறந்தநாளுக்கு ஊர்வலம் போகிறார்கள். இது மட்டும் என்ன?

குத்தல் புரிகிறது. மாலை போடுவதை விடுங்கள், அது நம் ஊர் மரியாதை, வ.உ.சி. சிலைக்கும்தான் போடுகிறோம். நான் பார்ப்பது இன்னொன்றை. தலைவர் இந்த இடத்தில் தவறினார் என்று ஒருவன் எழுந்து சொல்ல முடியுமா? சொன்னபின் அவனுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி இருக்குமா? சில கூட்டங்களில் இருக்காது, நானே எழுந்து வந்திருக்கிறேன். நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதே என்று சொன்னவர் பெயரிலேயே அது நடப்பதுதான் வருத்தம். அந்தக் கூட்டத்தை மதம் என்று நீங்கள் கேலி செய்தால் என்னிடம் பதில் கிடையாது.

ஆனால் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு எந்த வாசல் வழியாக வந்தது என்பதையும் பாருங்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற தகராறு 1924, 25இல் மாகாணத்தையே உலுக்கியது. பெரியார் காங்கிரஸை விட்டுப் போன காரணங்களில் அது முக்கியமானது. கடவுள் உண்டா என்ற கேள்வியைவிட, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வி இங்கே முந்திக்கொண்டது. தத்துவ வகுப்பில் பிறந்த நாத்திகம் இல்லை இது, சாப்பாட்டுக்கூடத்தில் பிறந்தது.

நாங்குநேரி, பெயர் வேண்டாம் என்றவர்: ஐயரும் தாலியும் இல்லாமல் கல்யாணம் செய்ய நினைக்கிறோம். இருவருக்கும் நம்பிக்கை இல்லை. எந்தச் சட்டம்?

சிரிக்காதீர்கள், இந்து திருமணச் சட்டம்தான். 1967இல் அண்ணா அரசு அதில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகப் புரிகிற மொழியில் சொன்னாலும் போதும், மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும். அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று ஆக்கினார்கள். ஆனால் பிரிவு பேசுவது இரண்டு இந்துக்களைப் பற்றி. சாமி இல்லை என்று சொல்லிக் கல்யாணம் செய்தாலும் சட்டத்தின் ஏட்டில் நீங்கள் இந்துக்களே. அது பிடிக்காவிட்டாலோ, ஒருவர் கிறிஸ்தவரோ முஸ்லிமோ என்றாலோ 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள், வீட்டில் எதிர்ப்பு இருந்தால் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவில் தம்பி: அப்படியானால் நாத்திகத்தைத் தனி மதமாக அறிவித்துவிட்டால் நல்லதுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையைப் படியுங்கள். இந்து, சீக்கிய, பௌத்த சமயங்களைத் தவிர வேறு சமயத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார். நம் பக்கத்துக் கிறிஸ்தவத் தலித்துகளைக் கேளுங்கள், இந்த ஒரு வரி என்ன செய்யும் என்று சொல்வார்கள். நாளைக்கு நாத்திகம் ஒரு தனி மதம் ஆனால், சேரியில் பிறந்து சாமி வேண்டாம் என்ற பையனின் சான்றிதழுக்கு என்ன ஆகும்? மேல்சாதி நாத்திகனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மதச் சுதந்திரத்துக்கு முன்பே மனச்சாட்சிச் சுதந்திரத்தைச் சொல்கிறது. நமக்கு அது போதும், அதற்குள்ளேயே நிற்போம்.

மேலப்பாளையம் நண்பர்: வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் 2005இல், சிறைக்குள் நாத்திகர் படிப்பு வட்டம் வேண்டும் என்று கேட்ட கைதியின் வழக்கில், மதச் சுதந்திரப் பாதுகாப்பு என்ற அளவில் நாத்திகத்தையும் மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த ஊர்ச் சட்டத்துக்கு அது வசதி. நம் ஊர்க் கட்டம் வேறு.

திசையன்விளை பெரியவர்: கோயில் கொடைவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கேட்டு வருகிறார்கள். கொடுத்தால் நாத்திகன் இல்லை, கொடுக்காவிட்டால் ஊரான் இல்லை. நீர் என்ன செய்கிறீர்?

வரி என்று பெயர் வைத்தாலும் அது நன்கொடைதான், கொடுக்காதவரை ஊர் ஒதுக்கி வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. நான் கொடுத்துவிடுகிறேன். அப்பா இறந்து பதினோரு வருஷம் ஆகிறது, ரசீதை இன்னும் அவர் பெயருக்குத்தான் போடுகிறார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கும் போகிறேன். எல்லோரும் உள்ளே போகும்போது நான் பனைமரத்தடியில் பொங்கல் பானைக்குக் காவல். என் மச்சான் சொல்லுவார், பானைக்குக் காவல் இருப்பதற்காகவே குடும்பத்துக்கு ஒரு நாத்திகன் வேண்டும் என்று.