முயலை லிட்டர் பாக்ஸில் (மலசலம் கழிக்க வைக்கும் பெட்டியில்) மட்டும் போகப் பழக்குவது எப்படி?

8 மாத முயல் பாதி நேரம் பாக்ஸிலும் பாதி நேரம் சோபாவுக்குப் பின்னாலும் போகிறது, அதட்டியும் பயனில்லை என்கிறீர்கள். முதலில் அதட்டுவதை நிறுத்திவிடுங்கள். எதற்காகத் திட்டு விழுகிறது என்று முயலுக்குப் புரியாது, உங்களைக் கண்டாலே ஒளிய ஆரம்பிக்கும்.

எங்கள் வீட்டு முயலும் இரண்டு மாதம் இப்படித்தான் பாடாய்ப் படுத்தியது. பாக்ஸை நான் என் வசதிக்கு ஒரு மூலையில் வைத்திருந்தேன், அது வேறொரு மூலையைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து கவனித்தேன். நேராக அங்கே போய், பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாலை லேசாகத் தூக்கியது. தரை நனைந்துவிட்டது. சரி, நீ சொல்கிற இடமே இருக்கட்டும் என்று பாக்ஸை அங்கேயே மாற்றினேன். அப்புறம் காய்ந்த புல்லை அதன் ஒரு ஓரத்தில், உள்ளே உட்கார்ந்தபடியே வாய்க்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். முயல் புல்லை மென்றுகொண்டே புழுக்கை போடும். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை இந்த இரண்டிலேயே தீர்ந்தது.

பாக்ஸ், முயல் தாராளமாகத் திரும்பி உட்காரும் அளவுக்கு இருக்கட்டும். உள்ளே காகித உருண்டைகள் போடலாம். ஈரம் பட்டால் கட்டியாகிற பூனை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம், முயல் அதைக் கொறித்துவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும். கழுவிய பிறகு நாலைந்து புழுக்கைகளைத் திரும்ப உள்ளே போட்டுவையுங்கள். வாசனையை வைத்துத்தான் அது தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. சோபாவுக்குப் பின்னால் நனைத்த தரையை வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரால் வாசனை போகத் துடையுங்கள்.

கருத்தடை செய்தாயிற்றா என்று நீங்கள் சொல்லவில்லை. செய்யாத முயல் இந்த வயதில் பெரும்பாலும் சிறுநீரும் புழுக்கையும் போட்டு இது என் இடம் என்று எல்லை குறிக்கும், எவ்வளவு பழக்கினாலும் முழுதாக நிற்பது கஷ்டம். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் ஆகும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கங்கே நாலு காய்ந்த புழுக்கை கிடந்தால் பெருக்கிவிடுங்கள், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஆனால் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த முயல் திடீரென்று கண்ட இடத்தில் நனைத்தாலோ, முக்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாலோ பழக்கக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்ப்பையில் தொற்றோ சுண்ணாம்புப் படிவோ இருக்கலாம். முயல் வலியை வெளியே காட்டிக்கொள்ளாது. அன்றைக்கே முயல் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.