வால்யூமைக் குறைத்தாலும் நிற்காத ஹம்

திருநகர் நண்பருக்கு, உங்கள் வால்வு ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் பூஜ்யத்திலும் ஹம் (‘ம்ம்’ என்ற இரைச்சல்) கேட்கிறது, எர்த் எல்லாவற்றையும் பழைய பாணியில் பித்தளைத் தகட்டில்தான் சேர்த்தேன் என்கிறீர்கள். எனக்கு அந்தத் தகட்டின் மேல்தான் சந்தேகம். டிரான்ஸ்பார்மரின் சென்டர் டேப்பும் (சுருளின் நடுவிலிருந்து வரும் வயர்), மின்சாரத்தைச் சீராக்கும் முதல் ஃபில்டர் கண்டென்சரின் மைனஸும் அங்கே வந்தால், கண்டென்சர் சார்ஜ் ஆகும் ஒவ்வொரு துடிப்பும் வால்யூம் பாட்டின் (திருகும் கன்ட்ரோலின்) எர்த்தையும் ஆட்டிவிடும். அதனால்தான் பூஜ்யத்திலும் கேட்கிறது.

சென்டர் டேப்பை நேராக அந்தக் கண்டென்சரின் மைனஸிலேயே பற்றவையுங்கள். அங்கிருந்து சேஸிக்கு (ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்துக்கு) ஒரே வயர். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வின் கேத்தோடு (cathode) முனையின் எர்த்தும் அந்த மைனஸில் சேரலாம். முன்வால்வு (சிக்னலை முதலில் பெருக்கும் வால்வு), வால்யூம் பாட் எர்த்கள் இன்புட் ஜாக் அருகே தனியாகச் சேரட்டும்.

அதற்கு முன் காது கொடுத்துக் கேளுங்கள். கட்டையான 50 ஹெர்ட்ஸ் என்றால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் வயர்களைப் பாருங்கள், இரண்டையும் ஒன்றோடொன்று நன்றாக முறுக்கியிருக்க வேண்டும். கரகரவென்ற 100 என்றால் மேலே சொன்ன வேலை.

மூன்று முள் பிளக்கின் எர்த்துக்குத் தனி போல்ட். ஹம் போகிறதே என்று அதைக் கழற்றவே கூடாது. பழைய வீடு என்றால் அந்த மூன்றாவது ஓட்டையில் வயர் இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.