சார்ஜனையும் அப்பாவையும் ஒரே தாளில் எழுதுவது எப்படி?

கேள்வி: என் அப்பா 1951-ல் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1971-ல் ராணுவத்தில் சேர்ந்து, செம்போயான் என்ற தகவல் தொடர்புப் பிரிவில் 21 வருடம் இருந்து, சார்ஜனாக (சார்ஜென்ட்) ஓய்வு பெற்றார். பிறகு ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஜாகா (காவல்காரர்) வேலை. போன வருடம் காலமானார். அடுத்த மாதம் முதலாண்டுத் திதி. கோயில் மண்டபத்தில் அவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். பத்திரிகையில் நினைவஞ்சலியும் போட வேண்டும். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் எழுதி அனுப்பியதில், ‘அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளை விரட்டிய மாவீரர்’ என்று இருக்கிறது. அம்மாவோ, “காட்டப் பத்தி ஒண்ணும் வேணாம், புள்ளைங்கள நல்லா வளத்தாருன்னு மட்டும் எழுது” என்கிறார். அப்பா எங்களிடம் அந்தக் காலத்தைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. சட்டையை அவரேதான் தேய்ப்பார். சோறு வரும்வரை மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். இந்த மாதிரி சின்னச் சின்ன விஷயங்கள்தான் எனக்குத் தெரியும். இதை வைத்து என்ன எழுதுவது? படம் யூனிஃபார்மில் இருப்பதைப் போடுவதா, வேட்டியில் இருப்பதைப் போடுவதா?
— மகள், சுங்கை சிப்புட்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அண்ணனின் தாளைத் திருத்திவிடுவோம், அது சுலபம். அவசரகாலம், அதாவது மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சியில் கம்யூனிஸ்டுகளோடு மூண்ட சண்டைக் காலம், தொடங்கியதே உங்கள் ஊர்ப்பக்கம்தான். 1948 ஜூன் 16 காலையில், எல்ஃபில் தோட்டத்திலும் அதற்கு அருகில் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முடிந்தது 1960 ஜூலை 31. அன்றைக்கு உங்கள் அப்பாவுக்கு எட்டோ ஒன்பதோ வயது. அவசரகாலத்தில் அவர் எதையாவது விரட்டியிருந்தால் அது பக்கத்து வீட்டுக் கோழியாகத்தான் இருக்கும்.

அவர் ராணுவத்தில் இருந்தது கம்யூனிஸ்டுகளோடு நடந்த அடுத்த சுற்றுச் சண்டையில். 1968 ஜூன் 17 அன்று குரோ அருகே, தாய்லாந்து எல்லையில், பாதுகாப்புப் படையினர் 17 பேர் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தார்கள். அங்கே மீண்டும் மூண்டது, 1989 டிசம்பர் 2-ல் ஹட்யாய் உடன்பாட்டோடுதான் ஓய்ந்தது. உங்கள் அப்பாவின் 21 வருடத்தில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது. கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை ராணுவக் காவலோடு போட்டு, 1982-ல் திறந்ததும் இந்தக் காலத்தில்தான். ஊரில் பாதிப் பேர் இரண்டு சுற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். உங்கள் அண்ணனை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மண்டபத்தில் அப்பாவோடு வேலை செய்த ஒருவர் உட்கார்ந்திருந்தால், முதல் வரியிலேயே அவர் முகம் சுருங்கிவிடும்.

‘மாவீரர்’ என்பதையும் எடுத்துவிடச் சொல்வேன். செம்போயான்காரரின் வேலை செய்தி போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது. வயர்லெஸ் பெட்டியும் பேட்டரியும் முதுகில் சுமை. மழைக்காட்டில் சிக்னல் கிடைக்காது. மரத்தில் ஏரியல் கம்பியைக் கட்டி, அங்கே இங்கே மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒருவனுக்குக் காலில் அடிபட்டால் மீட்க நூரி ஹெலிகாப்டர் வருவதும் வராததும் அந்தப் பெட்டிக்காரர் கையில் இருந்தது. சுட்டவர்களின் கதையைத்தான் எல்லோரும் கேட்க ஆசைப்படுகிறார்கள். இருட்டில் ஈரத் தரையில் உட்கார்ந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டு காத்திருந்தவரின் கதைக்கு ஆள் இல்லை. நீங்கள் அதைச் சொல்லுங்கள். மேசையில் விரலால் தட்டுவார் என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பிரிவில் பழகியவர்களுக்கு மோர்ஸ் தந்திக் குறி விரலோடு ஊறிப்போனது. அவரோடு இருந்த யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே அவரும் தட்டிக் காட்டுவார்.

இனி அம்மா விஷயம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

அம்மா ‘காடு வேணாம்’ என்பதை நீங்களும் அண்ணனும் பயம் என்று எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா காட்டில் இருந்த நாளெல்லாம் அம்மா எங்கே இருந்தார்? லயத்தில். விடியுமுன் எழுந்து சோறாக்கி, தூங்குகிற பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பால்மரம் வெட்டி, மத்தியானம் வந்து மறுபடி அடுப்பைப் பற்றவைத்திருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? அப்பாவின் கடிதம் வந்தால் யார் படித்துக் காட்டினார்கள், கிராணியா, தமிழ்ப்பள்ளி வாத்தியாரா? புருஷன் எழுதியதை அடுத்த ஆள் வாயால் கேட்கும்போது எந்த வரியில் தலையைக் குனிந்துகொண்டார்? மணியார்டர் தவறிய மாதம் கடைக்காரர் கடன் கொடுத்தாரா? அண்ணன் எழுதிய வீரக் கதையில் இந்த வருடங்களுக்கு இடமே இல்லை. ‘நல்லா வளர்த்தார்’ என்ற ஒற்றை வரியிலும் இல்லை. நாட்டுக்குப் போனவர் கணக்கில் 21 வருடம் ஏறியது. லயத்தில் இருந்தவருக்கு அப்படி ஒரு கணக்கே வைக்கவில்லை. காட்டைப் பற்றிப் பேசினால் அதுவும் கிளறப்படும் என்று அவருக்குத் தெரியும்.

அதனால் அப்பாவைப் பற்றி எழுத அம்மாவிடம்தான் போக வேண்டும். “அப்பா காட்டுல என்ன செஞ்சாரு” என்று கேட்காதீர்கள். “லீவுல அப்பா வந்தா மொதல்ல என்னம்மா செய்வாரு” என்று கேளுங்கள். பூட்ஸை எங்கே கழற்றினார், எந்தப் பிள்ளை அவரை அடையாளம் தெரியாமல் அழுதது, அவர் பையிலிருந்து என்ன எடுத்துக் கொடுத்தார். ராணுவ பிஸ்கட்டின் ருசியை இன்னும் சொல்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். கைப்பேசியில் பதிவு செய்துகொண்டே கேளுங்கள், ஆனால் எதிரில் நீட்டிப் பிடிக்காமல், காய் நறுக்கும்போது பக்கத்தில் வைத்துவிட்டு. இன்னொன்று, அப்பாவை எடுத்த அன்று அம்மா ஒப்பாரியில் என்னென்ன சொல்லி அழுதார் என்று அத்தை, சித்தி யாரையாவது கேட்டுப் பாருங்கள். நம் பெண்கள் நேரில் சொல்லாததை அங்கேதான் சொல்வார்கள். அதில் இரண்டு வரியாவது உங்கள் தாளுக்கு வேண்டும், அம்மா சம்மதித்தால்.

அப்பா சொல்லாமல் போனதைத் தோண்டாதீர்கள். யாரைச் சுட்டார், யார் பக்கத்தில் விழுந்தார்கள் என்பதெல்லாம் அவர் பூட்டி வைத்தது. சுங்கை சிப்புட்டில் பேசுகிறீர்கள் என்பதும் நினைவிருக்கட்டும். அந்தக் காலத்தில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து காட்டுக்குப் போன நம்மவரும் உண்டு. அந்தக் குடும்பத்தார் உங்கள் மண்டபத்தில் இலை போட்டுச் சாப்பிட வருவார்கள். ‘பயங்கரவாதிகளை ஒழித்த’ என்று முழங்கினால் சாப்பாடு இறங்காது.

வீட்டிலிருந்த அப்பாவை எழுத உங்களுக்கு யார் உதவியும் தேவையில்லை. அவர் சட்டை தேய்த்த கதை ஒன்றே போதும். கை மடிப்பை முதலில் தேய்ப்பாரா, காலரையா? உங்கள் பள்ளிச் சீருடையையும் அவர்தான் தேய்த்தாரா? ஜாகா வேலைக்குப் போகும்போதும் பூட்ஸ் பளபளத்ததா? இப்படி ஒன்றை எடுத்து நிதானமாகச் சொன்னாலே, கேட்பவருக்கு சார்ஜனும் அப்பாவும் ஒரே ஆளாகத் தெரிந்துவிடுவார்கள். கோபக்காரர் என்றால் அதையும் ஒரு வரி சொல்லலாம். தெரிந்தவர்கள் எப்படியும் அதை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

தேதி, முகாம், பதவி இவற்றுக்கு அவருடைய சர்விஸ் புத்தகத்தைப் பாருங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். பதக்கங்களின் பெயரையும் ஊகித்து எழுதாமல், ரிப்பனைப் படம் எடுத்து உங்கள் பகுதி முன்னாள் வீரர் சங்கத்தில் காட்டிக் கேளுங்கள். இதோடு சேர்த்து ஒரு வேலை, கேட்காமலே சொல்கிறேன்: 21 வருடம் முடித்தவர் என்பதால் அவருக்கு பென்சன் இருந்திருக்கும். அது அம்மா பெயருக்கு மாறிவிட்டதா? இல்லையென்றால் திதி வேலையை ஒரு நாள் ஒதுக்கிவிட்டு, முன்னாள் படைவீரர் விவகாரத் துறைக்கு அவரை அழைத்துப் போங்கள். அண்ணனை கார் ஓட்டச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு பங்கு வேண்டுமில்லையா.

பேச்சு சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கட்டும். அண்ணனே வாசிக்கட்டும்; திருத்திய தாளை. பத்திரிகைக்கு அவ்வளவும் வேண்டாம். ‘குலவிளக்கே, ஆலமரமே’ என்ற வரிகள் யார் அப்பாவுக்கும் பொருந்தும், அவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். தோற்றம், மறைவு, செம்போயான் பிரிவு, குடும்பத்தார் பெயர், பிறகு உங்கள் வாக்கியம் ஒன்று.

படத்தை அம்மா தேர்ந்தெடுக்கட்டும். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் இருங்கள். யூனிஃபார்ம் படத்தை அவர் எடுத்தால் அண்ணனுக்கு உடனே சொல்லாதீர்கள், தான் சொன்னதுதான் சரி என்று பழைய தாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். விளம்பரத்தை சில நாள் முன்னதாகவே கொடுத்து, அச்சுக்கு முன் ஒரு பிரதி கேட்டு வாங்கிப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் பெயரில் எழுத்துப் பிழை வந்து, திதி அன்று மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட வீடுகளிலிருந்து எனக்கு நிறையக் கடிதம் வருகிறது.