அம்மோனைட் என்ன தப்பு செய்தது? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்.

கல்லூரி நாட்களிலிருந்து உங்களை வாசிக்கிறேன். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில், வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். மார்ச் மாதம் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். "தகுதி உள்ளதுதான் பிழைக்கும், அது இயற்கையோட சட்டம் மாப்ளே" என்றார் மாமனார். அந்தக் கோபத்தில் பரிணாமம் பற்றி நிறைய வீடியோ பார்த்தேன். டைனோசர்கள் மாற்றத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அழிந்தன, பாலூட்டிகள் வென்றன என்கிறார்கள். மீன், ஆமை, பன்றி என்று வரும் தசாவதாரமே பரிணாம வரிசைதான் என்கிறார் ஒரு பேச்சாளர். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் உயிர்களின் வரலாறு மேல்நோக்கித்தான் போகிறதா? தகுதியில்லாததை இயற்கை கழித்துவிடுகிறதா? இதைப் படிக்க எங்கே தொடங்கலாம்?

(பெயர் வேண்டாம்)
ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

வேலை போனதை இரண்டு வரியில் முடித்துவிட்டு டைனோசருக்குத் தாவிவிட்டீர்கள். வீட்டுக் கடன் இருக்கிறதா, குழந்தைகள் படிக்கிறார்களா, எதுவும் தெரியவில்லை. அதையெல்லாம் எனக்குத் தனியாக எழுதுங்கள். ஓசூர் பக்கம் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம்.

மாமனாரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அந்த வாசகத்தை முதலில் எழுதியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், 1864இல். டார்வின் அதை 1869இல் தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஐந்தாம் பதிப்பில்தான் சேர்த்துக்கொண்டார். இதைச் சொன்னால் மாமனார் மனம் மாறிவிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. தசாவதார வீடியோவையும் விட்டுவிடுங்கள். அந்த வரிசையில் பறவை எங்கே, பூச்சி எங்கே, ஆலமரம் எங்கே? பக்தி பக்தியாகவே நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு உயிரியல் வாத்தியாரின் சான்றிதழ் எதற்கு?

டைனோசர் பற்றி எழுதியிருப்பதைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. சுமார் 16 கோடி ஆண்டுகள் இந்தப் பூமியில் நடமாடியவை அவை. நம் இனத்துக்கு வயது 3 லட்சம் ஆண்டுகள். யார் யாரைப் பார்த்து ஈடுகொடுக்கவில்லை என்பது? பாலூட்டிகள் அந்தக் காலத்தில் பெரும்பகுதி கூடவே இருந்தன, பெரும்பாலும் எலி அளவில், ஓரமாக. எந்தப் போரில் வென்றன? போதாததற்கு, டைனோசர்கள் முழுக்க அழியவும் இல்லை. உங்கள் வீட்டு மாடியில் கத்தும் காக்கை அந்த வம்சம்தான்.

சரி, டைனோசருக்கு வக்காலத்து வாங்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. நான் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருப்பது அம்மோனைட் என்ற, அழிந்துபோன கடல் பிராணி பற்றி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரியலூரில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை வைத்திருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு அகலம், சுற்றிச் சுற்றி நடுவில் போய் முடியும் உருவம், மேலே வரிவரியாக மேடு. அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் சாளக்கிராமம் இருந்தது. அதற்குத் தினமும் திருமஞ்சனமும் துளசியும். இரண்டுமே அம்மோனைட்தான் என்று நிலவியல் படித்த நண்பன் சொன்னான். ஒன்று நேபாளத்துக் கண்டகி ஆற்றங்கரையில் கிடைப்பது, ஜுராசிக் காலத்தது. மற்றது, அரியலூர் கடலுக்கடியில் கிடந்த கிரெட்டேசியஸ் காலத்தது. வீட்டுக்கார அம்மாளிடம் போய்ச் சொன்னேன். "அப்படின்னா இதுக்கும் ஒரு பூ வெச்சிடறேன்" என்றார். வைக்கவும் செய்தார். கல் மட்டும் கதவை விட்டு நகரவில்லை.

அம்மோனைட், கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. சுருண்ட ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்பு. கடைசி அறையில் பிராணி, மற்ற அறைகளில் மிதப்பதற்குக் காற்று. ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய கூட்டம் இது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருகி, கடல்வாழ் இனங்களில் 80 சதவீதத்துக்கு மேல் தொலைந்தபோது, அம்மோனைட் வகையறாவில் தப்பியவை ஒன்றிரண்டு கிளைகள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைப்போம். பத்துப் பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்குள் முன்பைவிட அதிக வகைகளாகப் பெருகிவிட்டன. மற்றக் கடல் பிராணிகள் பலவற்றுக்கு அதைவிட வெகுகாலம் பிடித்தது. 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் மறுபடி ஒரு பேரழிவு, மறுபடி நூலிழையில் தப்பல், மறுபடி பெருக்கம். மீண்டு வருவதில் இவற்றை மிஞ்ச ஆள் கிடையாது.

இவற்றுக்கு ஒரு தூரத்துப் பங்காளி உண்டு, நாட்டிலஸ். அதற்கும் சுருண்ட ஓடுதான். ஆனால் வகைகள் குறைவு, வளர்ச்சி மெதுவு, பெரிய மாற்றம் எதுவும் கிடையாது. 6.7 கோடி ஆண்டுகளுக்கு முன் யாராவது இரண்டையும் காட்டிப் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால், நீங்களும் நானும் உங்கள் மாமனாரும் அம்மோனைட் மேல்தான் கட்டியிருப்போம்.

அப்புறம் மெக்சிகோவின் யுகடானில் 10 கிலோமீட்டர் அளவுள்ள விண்கல் விழுந்தது. அது பறித்த சிக்சுலூப் பள்ளத்தின் அகலம் சுமார் 180 கிலோமீட்டர். தூசியும் கந்தகமும் புகையும் வானத்தை மறைத்தன, வெயில் கடலில் இறங்கவில்லை, மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்கள் செத்தன. மேல்நீர் அமிலமானது. (தக்காண எரிமலைகளுக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்குள் போனால் இந்தக் கடிதம் முடியாது.) அம்மோனைட்டின் குஞ்சு ஒரு மில்லிமீட்டர் அளவு. அந்த மேல்நீரில் மிதந்து, அங்கே கிடைப்பதைத் தின்று வளர வேண்டியது. நாட்டிலஸ் குஞ்சோ, ஓராண்டு போல முட்டைக்குள் இருந்துவிட்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஓட்டோடு வெளியே வரும். பெரிய முட்டை, நிறைய மஞ்சள் கரு, ஆழ்நீர் வாழ்க்கை, செத்ததையும் தின்னும் வயிறு. அம்மோனைட் போனதற்கும் நாட்டிலஸ் நின்றதற்கும் இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் இதுதான்.

இங்கேதான் நான் உங்களைப் பிடித்து உட்கார வைக்க விரும்புகிறேன். நிறையச் சிறு குஞ்சுகளை நீரோட்டத்தில் விடுவது அதுவரை மோசமான வழி இல்லை. குஞ்சு தூரமாகப் போகும், இனம் பல கடல்களுக்குப் பரவும், ஓரிடத்தில் அழிந்தால் வேறிடத்தில் இருக்கும். சாதாரணக் காலத்தில் அது பலம். தொல்லுயிரியலாளர் டேவிட் ஜப்லான்ஸ்கி வட அமெரிக்காவின் அட்லாண்டிக், மெக்சிகோ வளைகுடாக் கரையோரங்களின் சிப்பி, நத்தைப் புதைபடிவங்களை வைத்து 1986இல் காட்டியதும் இதைத்தான். மிதக்கும் குஞ்சுகள், ஒரு கூட்டத்தில் நிறைய இனங்கள் என்று சாதாரண நாட்களில் பாதுகாப்புத் தந்தவை எதுவும், கிரெட்டேசியஸ் காலத்தை முடித்த அந்த விண்கல் பேரழிவில் உதவவில்லை. வருஷம் முழுக்கக் கணக்குப் படித்தவனைப் பரீட்சை அன்று கிணற்றில் தள்ளி நீந்தச் சொன்ன மாதிரி. கரையேறியவனுக்குக் கணக்கு வரும் என்று அதற்கு அர்த்தமா? மூழ்கியவன் மக்கா?

அனுபவமாவது காப்பாற்றுமா என்றால், அதுவும் சந்தேகம். உயிரியலாளர் லீ வான் வேலன் 1973இல் புதைபடிவப் பட்டியல்களை வைத்துக் கணக்குப் போட்டார். ஒரு கூட்டம் எத்தனை காலம் தாக்குப்பிடித்திருந்தாலும், அடுத்து அது அழியும் வாய்ப்பு குறைவதில்லை. பழம் தின்று கொட்டை போட்டதும் நேற்று வந்ததும் அந்த விஷயத்தில் ஒன்று.

ஆகவே தகுதி என்று ஒன்று இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. எந்த நாளில், எந்த விதிக்குத் தகுதி என்று கேட்காமல் அதைப் பேசுவது வெட்டிப் பேச்சு.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் நானும் அம்மோனைட்தான் சார்" என்று எழுதிவிடாதீர்கள். எழுதினால் திட்டுவேன். விண்கல்லுக்கு முகவரி கிடையாது. உங்கள் பிரிவை மூடிய முடிவுக்கு உண்டு. ஒரு குளிர்சாதன அறையில் நாலு பேர் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு எடுத்த முடிவு அது. அதை இயற்கை தலையில் கட்டினால் அந்த நாலு பேருக்குத்தான் சௌகரியம். சட்டப்படி வரவேண்டிய பணமெல்லாம் வந்ததா என்று முதலில் பாருங்கள்.

வரலாறு மேல்நோக்கிப் போகிறதா என்று கேட்டிருந்தீர்கள். சிகாகோவில் தொல்லுயிரியலாளர் ஜாக் செப்கோஸ்கி பல ஆண்டுகள் நூலகத்தில் உட்கார்ந்து, கடல் பிராணிக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் எப்போது தோன்றியது, எப்போது மறைந்தது என்று தொகுத்தார். அவரும் டேவிட் ராப்பும் 1982இல் அதிலிருந்து ஐந்து பெரும் அழிவுகளைப் பிரித்துக் காட்டினார்கள். அந்தக் கோட்டில் குடும்பங்களின் எண்ணிக்கை விழுந்து விழுந்து ஏறத்தான் செய்கிறது. அது வகைகளின் எண்ணிக்கை மட்டுமே, ஏணி இல்லை. பாக்டீரியா அன்றும் இருந்தது, இன்றும் நம் குடலில் சௌக்கியமாக இருக்கிறது.

தப்பிய நாட்டிலஸின் இன்றைய கதையையும் கேளுங்கள். பெண் நாட்டிலஸ் ஆண்டுக்கு இடுவது சில முட்டைகள்தான், வயதுக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆகும். ஓட்டின் அழகுக்காகப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஈடுகட்ட முடியாது. 2016இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவரவேண்டி வந்தது. அன்று காப்பாற்றிய அதே மெதுவான, பெரிய முட்டைதான் இன்று அதற்குப் பாரம்.

எங்கே தொடங்குவது என்பதற்கு, புத்தகம் அப்புறம் சொல்கிறேன். வீடியோவை நிறுத்திவிட்டு, சேலம், பெரம்பலூர் வழியாக அரியலூருக்குப் பஸ் ஏறுங்கள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. 1860களில் நிலவியலாளர்கள் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் எழுதியதிலிருந்து நம் அரியலூர், ஊட்டத்தூர் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் ஏறிவிட்டன. நம்மூர்க்காரர்கள்தான் போய்ப் பார்ப்பதில்லை. அரியலூர்ப் பாறைகளில் அம்மோனைட் இருக்கும். விண்கல்லுக்குப் பிந்தைய நின்னியூர்ப் பாறைகளில் நாட்டிலஸ் வகை இருக்கும், அம்மோனைட் இருக்காது. பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துச் செம்மண் மேடுகளையும் பார்த்துவிடுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், நிழல் கிடையாது, தண்ணீர் கையோடு வேண்டும். கல் எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

அன்புடன்